பிரசவ ஃபைலை நீங்களே படிக்க: ஜி, பி, ஏ, எல் முதல் டிஸ்சார்ஜ் சம்மரி வரை

என் ஃபைலின் முதல் பக்கத்தில் பெயருக்கும் வயசுக்கும் கீழே "ஜி2 பி0 ஏ1" என்று பேனாவால் எழுதி, சுற்றி ஒரு வட்டமும் போட்டிருந்தார்கள். ஏ என்றால் அபார்ஷன் என்று பக்கத்து நாற்காலியில் இருந்த அக்கா சொன்னார். தூக்கிவாரிப் போட்டது. போன வருஷம் ஏழாவது வாரத்தில் தானாகக் கலைந்து, அதற்கு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும், நானா போய்க் கலைத்தேன், யார் இப்படி எழுதினார்கள் என்று வரிசையை விட்டு எழுந்து போய் நர்ஸிடம் கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தானா கலைஞ்சாலும் எங்க கணக்குல அது அபார்ஷன்தாம்மா, எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுவோம்."

அவ்வளவுதான் விஷயம். அந்த ஒன்பது மாதத்தில் இந்த மாதிரி பத்துப் பன்னிரண்டு தடவை ஃபைலைப் பார்த்துப் பயந்தேன், பெரும்பாலும் தேவையே இல்லாமல். கொடுமை என்னவென்றால், உண்மையிலேயே கவனிக்க வேண்டிய இரண்டு இடத்தில் ஒன்றுமில்லை என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். நீங்களும் அப்படி அல்லாடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, இதைப் படித்து நீங்களே முடிவெடுக்கவும் வேண்டாம். டாக்டர் முன்னால் உட்காரக் கிடைக்கும் ஐந்து நிமிஷத்தில் சரியான கேள்வி கேட்க உதவினால் போதும்.

1. முதலில் தேதிக் கணக்கைப் பிடியுங்கள்

ஃபைலில் இருக்கும் மற்ற எல்லா எண்ணும் இந்தக் கணக்கை நம்பித்தான் இருக்கிறது. எல்.எம்.பி. என்றால் கடைசி மாதவிடாயின் முதல் நாள். இ.டி.டி. என்றால் பிரசவம் எதிர்பார்க்கும் தேதி. எல்.எம்.பி.யிலிருந்து 280 நாள், அதாவது 40 வாரம். கையால் போட்டுப் பார்க்க வேண்டுமானால் ஏழு நாளும் ஒன்பது மாதமும் கூட்டுங்கள்: ஜனவரி 10 என்றால் அக்டோபர் 17. சில மாதங்களுக்கு ஓரிரு நாள் முன்பின் வரும், அது பெரிய விஷயமில்லை.

இதில் முதல் குழப்பம், கரு உருவாவதற்கு முந்தைய இரண்டு வாரமும் இந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். மாதவிடாய் ஒரு வாரம் தள்ளிப்போய் டெஸ்ட் எடுக்கும் அன்றே "அஞ்சு வாரம்" என்பார்கள். வீட்டில் யாராவது விரல் விட்டு எண்ணிப் பார்த்துத் தலையைச் சொறிவார்கள். தப்பில்லை, உலகம் முழுக்க இதுதான் முறை.

இரண்டாவது, "32+4" என்று எழுதியிருந்தால் 32 வாரம் 4 நாள். சில பேர் அதையே 32.4 என்று புள்ளி வைத்து எழுதுவார்கள், அப்போதும் அது தசமக் கணக்கு இல்லை, 4 நாள்தான்.

மூன்றாவதுதான் நிறைய பேரை அலைக்கழிக்கிறது. முதல் மூன்று மாதத்தில் எடுக்கும் ஸ்கேனில் குழந்தையின் தலையிலிருந்து இடுப்பு முனை வரை அளப்பார்கள், அதற்கு சி.ஆர்.எல். என்று பெயர். வயதைக் கணிப்பதில் இதைவிடத் துல்லியமான அளவு கிடையாது. 9 முதல் 13 வாரத்துக்குள் எடுத்த ஸ்கேன், மாதவிடாய்க் கணக்கிலிருந்து ஒரு வாரத்துக்கு மேல் விலகியிருந்தால் பொதுவாக ஸ்கேன் தேதியையே வைத்துக்கொள்வார்கள், அதற்குப் பெயர் கரெக்டட் இ.டி.டி. அப்படி ஒரு தடவை முடிவானால் அதற்கப்புறம் அது மாறக் கூடாது. ஆனால் ஏழாம் மாதம், எட்டாம் மாதம் எடுக்கும் ஒவ்வொரு ஸ்கேனிலும் மெஷின் குழந்தையின் அளவைப் பார்த்துப் புதுசு புதுசாக ஒரு தேதியை அச்சடித்துக் கொடுக்கும். அதை நம்பி லீவ் போடாதீர்கள். முடிவான தேதியை ஃபைல் அட்டையில் சிவப்பு மையில் எழுதி வையுங்கள், யார் கேட்டாலும் அதையே சொல்லுங்கள்.

அந்தத் தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு ஐந்துகூடத் தேறாது. 37 வாரத்துக்கு முன்னால் பிறந்தால் ப்ரீடெர்ம், அதாவது குறைமாதம். 37, 38 வாரம் ஏர்லி டெர்ம், 39, 40 ஃபுல் டெர்ம், 41 லேட் டெர்ம், 42 தொட்டால் போஸ்ட் டெர்ம். "37 ஆயிடுச்சு, எப்ப வேணா எடுத்துடலாம்" என்று யாராவது சொன்னால், காரணம் என்ன, 39 வரை பொறுக்க முடியாதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

2. ஜி, பி, ஏ, எல்

ஜி என்பது இப்போதையதையும் சேர்த்து இதுவரை எத்தனை தடவை கர்ப்பம். பி என்பது குழந்தை பிழைக்கக்கூடிய காலத்தைத் தாண்டி நடந்த பிரசவங்கள். அந்தக் கால எல்லையை நாட்டுக்கு நாடு வேறு வேறாக வைத்திருக்கிறார்கள். ஏ, அதற்கு முன்னாலேயே முடிந்தவை, தானாகக் கலைந்தாலும் சரி, கலைத்தாலும் சரி. எல் என்பது இப்போது உயிரோடு இருக்கும் பிள்ளைகள். இரட்டைக் குழந்தை பிறந்தால் பி1 எல்2 என்று வரும், கணக்கு தப்பு என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

முதல் கர்ப்பம் என்றால் ப்ரைமி. 35 வயதுக்கு மேல் முதல் பிரசவம் என்றால் எல்டர்லி ப்ரைமி. இதைப் படித்து முகம் சுருங்காத பெண்ணை நான் பார்த்ததில்லை. மருத்துவர்களின் பாஷையே அப்படித்தான், கருப்பை வாய் சீக்கிரம் திறந்துகொண்டால் "இன்காம்பிடென்ட் செர்விக்ஸ்" என்று எழுதுவார்கள், அதாவது திறமை இல்லாத கருப்பை வாயாம். யார் பேர் வைத்தார்களோ.

த்ரெட்டன்டு அபார்ஷன் என்று எழுதியிருந்தால் உதிரப்போக்கு இருக்கிறது, ஆனால் கருப்பை வாய் மூடித்தான் இருக்கிறது, கர்ப்பம் தொடர வாய்ப்பு இருக்கிறது என்று பொருள். மிஸ்டு அபார்ஷன் என்பது வேறு: உள்ளே இதயத் துடிப்பு நின்றுவிட்டது, ஆனால் உடம்பு இன்னும் வெளியேற்றவில்லை. இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கொண்டுபோக வேண்டிய தாள்கள்: முந்தைய கர்ப்பத்தின் ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி, கருப்பையைச் சுத்தம் செய்யும் டி அண்ட் சி செய்திருந்தால் அதன் தாள், வேறு வியாதிக்குச் சாப்பிடும் மாத்திரைச் சீட்டு. அசல் உங்களிடமே இருக்கட்டும், நகலைக் கொடுங்கள்.

3. ரத்தப் பரிசோதனைத் தாள்

ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனால் ரத்தசோகை என்று இரும்புச்சத்தைக் கூட்டுவார்கள். ரத்த வகைக்குப் பக்கத்தில் ஆர்.எச். நெகட்டிவ் என்று இருந்தால் அது வியாதி இல்லை. குழந்தையின் அப்பா பாசிட்டிவாக இருந்தால் குழந்தையும் பாசிட்டிவாக இருக்கலாம், அந்த ரத்தத்தை எதிர்த்து உங்கள் உடம்பு வேலை செய்யாமலிருக்க ஆன்டி-டி ஊசி போடுவார்கள். வழக்கமாக 28வது வாரம் ஒன்று, குழந்தை பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. இந்த 72 மணி நேரத்தை நீங்களும் கணக்கில் வைத்திருங்கள், பிரசவ அமளியில் நினைவூட்ட வீட்டில் ஒருவரைச் சொல்லி வையுங்கள். நடுவில் உதிரப்போக்கு வந்தாலோ வயிற்றில் அடிபட்டாலோ "நான் நெகட்டிவ்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான வி.டி.ஆர்.எல். எல்லாவற்றுக்கும் நேரே "நான்-ரியாக்டிவ்" என்று வரும். தொற்று இல்லை என்று அர்த்தம், நல்லது. இந்தச் சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஆறாவது படியில் இதே சொல் என்னைக் கவிழ்த்தது.

ஜி.டி.டி. என்பது சர்க்கரைப் பரிசோதனை, 24 முதல் 28 வாரத்துக்குள். 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்க வைத்து ரத்தம் எடுப்பார்கள். மூன்று தடவை எடுக்கும் முறையில் வெறும் வயிற்றில் 92, ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலே ஜி.டி.எம்., கர்ப்பகாலச் சர்க்கரை. சில இடங்களில் இரண்டு மணி நேர அளவு ஒன்றை மட்டும் எடுத்து 140க்கு மேலா என்று பார்ப்பார்கள். எந்த முறை என்று கேட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஒரு முறையின் எண்ணை இன்னொரு முறையின் அட்டவணையில் வைத்துப் பார்த்துக் குழம்புவீர்கள். வெறும் வயிறா என்பதையும் முதல் நாளே கேளுங்கள். அரை நாள் ஆகும், குளுக்கோஸை வாந்தி எடுத்துவிட்டால் இன்னொரு நாள் வர வேண்டியிருக்கும்.

அடுத்து டபுள் மார்க்கர், க்வாட்ரபிள் மார்க்கர். இவை வடிகட்டும் பரிசோதனைகள், வியாதியை உறுதி செய்பவை இல்லை. "ஹை ரிஸ்க், 1:250" என்று வந்தால் இதே மாதிரி முடிவு வந்த 250 கர்ப்பங்களில் ஒன்றில் டவுன் சிண்ட்ரோம் என்ற குரோமோசோம் குறைபாடு இருக்கலாம், மீதி 249இல் இல்லை. எனக்கு இதை யாரும் விளக்கவில்லை, ஹை ரிஸ்க் என்ற இரண்டு வார்த்தையை மட்டும் தடித்த எழுத்தில் அச்சடித்துக் கையில் கொடுத்தார்கள். இரண்டு ராத்திரி தூங்கவில்லை. அடுத்த படி என்.ஐ.பி.டி. என்ற ரத்தப் பரிசோதனை. 10வது வாரத்திலிருந்து எடுக்கலாம், டபுள் மார்க்கரைவிடப் பல மடங்கு துல்லியம், செலவும் பல மடங்கு, ஆனால் இதுவும் வடிகட்டிதான். உறுதியாகச் சொல்வது குழந்தையைச் சுற்றியிருக்கும் பனிநீரை ஊசியால் எடுத்துப் பார்க்கும் ஆம்னியோசென்டெசிஸ், 15 வாரத்துக்கு மேல். அதில் சிறிய அளவில் கருச்சிதைவு அபாயம் உண்டு, அதனால் கையெழுத்து வாங்குவார்கள்.

நேரம் இங்கே ரொம்ப முக்கியம். குழந்தையின் பிடரியில் இருக்கும் நீரை அளக்கும் என்.டி. ஸ்கேனுக்கு 11 வாரத்திலிருந்து 13+6 வரைதான் கதவு திறந்திருக்கும். டபுள் மார்க்கருக்கும் ஏறத்தாழ அதே காலம்தான். 10வது வாரத்திலேயே நாள் வாங்கிவிடுங்கள்.

4. ஸ்கேன் ரிப்போர்ட்

கடைசியில் "இம்ப்ரெஷன்" என்று ஒரு தலைப்பு இருக்கும். முதலில் அதைப் படியுங்கள், சாரம் அங்கேதான். "அன்ரிமார்க்கபிள்" என்றால் குறிப்பிட்டுச் சொல்லும்படி எதுவும் இல்லை, நல்ல சேதி. "க்ளினிக்கல் கோரிலேஷன்" வேண்டும் என்று முடித்திருந்தால், உங்களை நேரில் பார்க்கும் டாக்டர் சேர்த்து வைத்து முடிவு சொல்லட்டும் என்று பொருள். பல ரிப்போர்ட்டிலும் அது இருக்கும்.

முதல் ஸ்கேனில் எஸ்.எல்.ஐ.யு.ஜி. என்று எழுதியிருந்தால் ஒற்றைக் கரு, உயிரோடு, கருப்பைக்குள் இருக்கிறது. அந்த ஐந்து எழுத்தில் மூன்று நல்ல சேதி. ஆறாவது வாரத்தை ஒட்டித்தான் இதயத் துடிப்பு தெரிய ஆரம்பிக்கும், அதனால் சீக்கிரம் போய் ஸ்கேன் எடுத்துவிட்டுத் துடிப்பு இல்லையே என்று உடைந்து போக வேண்டாம், ஒன்றிரண்டு வாரம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்வார்கள்.

18 முதல் 22 வாரத்துக்குள் அனாமலி ஸ்கேன், சில இடங்களில் டிஃபா என்பார்கள். உறுப்பு உறுப்பாகப் பார்ப்பதால் நேரம் எடுக்கும், குழந்தை குப்புறத் திரும்பிக்கொண்டால் வெளியே போய் நடந்துவிட்டு வரச் சொல்வார்கள். இதயத்தில் வெள்ளைப் புள்ளி, மூளையில் சின்ன நீர்க்கட்டி என்று எதையாவது எழுதி "சாஃப்ட் மார்க்கர்" என்று போட்டிருக்கலாம். வேறு எந்தக் குறையும் இல்லாமல் அது ஒன்று மட்டும் தனியாக இருந்தால் பெரும்பாலும் பாதிப்பு இல்லாதது. "இது ஒன்றுதானா, வேறு ஏதாவது சேர்ந்திருக்கிறதா?" என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

பி.பி.டி., எச்.சி. தலை அளவு, ஏ.சி. வயிற்றுச் சுற்றளவு, எஃப்.எல். தொடை எலும்பு. நாலையும் சேர்த்து மெஷின் போடும் எடைக் கணக்குதான் இ.எஃப்.டபிள்யூ. இதில் பத்துப் பதினைந்து சதவீதம் முன்பின் வருவது சாதாரணம், 3 கிலோ என்று போட்டிருந்தால் 2.6ஆகவும் இருக்கலாம், 3.4ஆகவும் இருக்கலாம். பக்கத்தில் இருக்கும் பெர்சென்டைல் பரீட்சை மார்க் இல்லை. 30வது பெர்சென்டைல் என்றால் ஃபெயில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதே வயதுடைய நூறு குழந்தைகளை எடை வாரியாக வரிசையில் நிற்க வைத்தால் உங்கள் குழந்தை முப்பதாவது, அவ்வளவுதான். 10க்குக் கீழே போனால் எஸ்.ஜி.ஏ., அதாவது வயதுக்குச் சிறியது என்று எழுதி டாப்ளர் பார்ப்பார்கள், தொப்புள்கொடியில் ரத்தம் சரியாக ஓடுகிறதா என்று. எஃப்.ஜி.ஆர். அல்லது ஐ.யு.ஜி.ஆர். என்றால் வளர்ச்சி தேங்கியிருக்கிறது, அப்போது அடிக்கடி வரச் சொல்வார்கள், தள்ளிப்போடாமல் போங்கள்.

"லிக்கர் அடிக்குவேட்" என்று பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. லிக்கர் என்பது பனிநீர். ஏ.எஃப்.ஐ. 5க்கும் 25 சென்டிமீட்டருக்கும் நடுவில் இருந்தால் சரி. குறைந்தால் ஆலிகோ, கூடினால் பாலி. சிலர் ஒரே ஒரு ஆழமான இடத்தை மட்டும் அளந்து எஸ்.டி.பி. என்று எழுதுவார்கள், அதற்கு 2 முதல் 8 வரை. ஏ.எஃப்.ஐ. என்று நினைத்து எஸ்.டி.பி. 4ஐப் பார்த்துத் தண்ணி குறைந்துவிட்டது என்று கதறிய ஆள் நான்தான்.

நஞ்சுக்கொடி ஆன்டீரியர் என்றால் முன்பக்கம், போஸ்டீரியர் என்றால் பின்பக்கம், இரண்டுமே சரிதான். முன்பக்கம் இருந்தால் அசைவு தெரியக் கொஞ்சம் தாமதமாகலாம். லோ-லையிங் என்றால் கருப்பை வாய்க்கு 2 சென்டிமீட்டருக்குள் இருக்கிறது. 20வது வாரத்தில் இப்படி இருப்பவர்களில் பெரும்பாலோருக்குக் கருப்பை வளர வளர மேலே போய்விடும், 32வது வாரத்தை ஒட்டி மறுபடி பார்ப்பார்கள். ப்ரீவியா என்றால் வாயையே மூடியிருக்கிறது, கடைசி வரை அப்படியே இருந்தால் சிசேரியன்தான்.

செஃபாலிக் என்றால் தலை கீழே, ப்ரீச் என்றால் இடுப்போ காலோ கீழே, ட்ரான்ஸ்வர்ஸ் என்றால் குறுக்கே. 28 வாரத்தில் ப்ரீச் என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை, திரும்ப நிறைய நேரம் இருக்கிறது. 36 தாண்டியும் திரும்பவில்லை என்றால் பேச வேண்டும். வயிற்றுக்கு மேலே கை வைத்துத் திருப்பும் இ.சி.வி. பற்றியும் அப்போது கேளுங்கள், எல்லா இடத்திலும் செய்வதில்லை. கழுத்தில் கொடி சுற்றியிருக்கிறது என்று வந்தால் வீடே கலங்கிவிடும். நாலைந்து குழந்தைக்கு ஒன்று அப்படித்தான் பிறக்கிறது, பெரும்பாலும் பிறந்தவுடன் விரலால் எடுத்துவிடுகிறார்கள், அது ஒன்றுக்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை.

5. ஒவ்வொரு தடவையும் கிறுக்கும் சுருக்கெழுத்துகள்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சி/ஓ நீங்கள் சொன்ன தொந்தரவு. எச்/ஓ முன்னால் இருந்தது. என்.ஏ.டி. கோளாறு எதுவும் தென்படவில்லை. பி/ஏ வயிற்றைத் தொட்டுப் பார்த்தது, பி/வி உள்ளே பரிசோதித்தது. எஸ்.எஃப்.எச். டேப்பால் அளந்த வயிற்று உயரம், 24 வாரத்துக்கு மேல் சென்டிமீட்டரும் வாரமும் ஏறத்தாழ ஒன்றாக வரும். எஃப்.எம். அசைவு, எஃப்.எச்.எஸ். இதயத் துடிப்பு. மாத்திரைக்கு நேரே ஓ.டி. ஒரு வேளை, பி.டி. இரண்டு வேளை, டி.டி.எஸ். மூன்று வேளை, எச்.எஸ். படுக்கும்போது, எஸ்.ஓ.எஸ். தேவைப்பட்டால் மட்டும்.

ஒரு பொறி: ஆர்/ஓ என்று போட்டுப் பக்கத்தில் பெரிய வியாதிப் பெயர் இருந்தால் அது இருக்கிறது என்று அர்த்தமில்லை, இல்லை என்று உறுதி செய்துகொள்ளப் பார்க்கிறார்கள். முன்னால் கேள்விக்குறி போட்டிருந்தால் சந்தேகம் மட்டுமே.

அலட்சியம் செய்யக் கூடாதது பி.பி. 140/90 தொட்டால் அன்றே சிறுநீரில் புரோட்டீன் பார்ப்பார்கள். 20 வாரத்துக்கு மேல் பி.பி. ஏறி, புரோட்டீனும் வந்தாலோ உறுப்புகள் பாதிக்கப்பட்டாலோ ப்ரீ-எக்லாம்ப்சியா. புரோட்டீன் இல்லாமலும் அது வரும். மாத்திரைக்கு அடங்காத தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்று வலி, இதில் எது வந்தாலும் அடுத்த விசிட் வரை காத்திருக்க வேண்டாம். உதிரப்போக்கு, தண்ணீர் கசிவு, குழந்தையின் அசைவு குறைவது, இவற்றுக்கும் அதேதான். ராத்திரி இரண்டு மணி என்றாலும் கிளம்புங்கள்.

6. என்.எஸ்.டி. தாள்

குழந்தை உள்ளே நலமாக இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை இது. வயிற்றில் இரண்டு பெல்ட் கட்டி, நீளமாகத் தாள் ஓடும். ஒன்று குழந்தையின் துடிப்பு, நிமிஷத்துக்கு 110 முதல் 160 வரை. இன்னொன்று கருப்பை இறுகுவது. குழந்தை அசையும்போது துடிப்பு 15 ஏறி 15 விநாடியாவது நிற்க வேண்டும், 20 நிமிஷத்தில் இரண்டு தடவை அப்படி வந்தால் "ரியாக்டிவ்".

36வது வாரத்தில் என் தாளில் "நான்-ரியாக்டிவ்" என்று எழுதினார்கள். ரத்தப் பரிசோதனையில் பார்த்த அதே சொல். சந்தோஷமாகக் கீழே நின்ற வீட்டுக்காரருக்கு "எல்லாம் நார்மல்" என்று மெசேஜ் அனுப்பிவிட்டு பெல்ட்டைக் கழற்றப் போனேன். நர்ஸ் ஓடி வந்து, "எங்கம்மா எழுந்துக்கறீங்க? குழந்தை தூங்குதுபோல, இடப்பக்கம் திரும்பிப் படுங்க, இன்னும் இருபது நிமிஷம் பார்க்கணும்" என்றார். ரத்தத்தில் நான்-ரியாக்டிவ் நல்லது, என்.எஸ்.டி.யில் ரியாக்டிவ்தான் நல்லது. ஒரே ஃபைலில் ஒரே சொல்லுக்கு இரண்டு எதிர்ப்பொருள். குழந்தை இருபது முதல் நாற்பது நிமிஷம் தூங்கும், அதனால் முதல் தடவை நான்-ரியாக்டிவ் வந்தால் நேரத்தை நீட்டுவார்கள், அதிலும் வரவில்லை என்றால் ஸ்கேன். எனக்கு முப்பதாவது நிமிஷத்தில் ஒரு உதை விட்டான், கோடு மேலே ஏறியது, இறங்கி மறுபடி ஏறியது. அப்புறம்தான் அந்த மெசேஜ் உண்மையானது.

இறுக்கத்துக்கான எண்ணைப் பார்த்து "90 போயிடுச்சு, வலி அதிகம்" என்று கணக்குப் போடாதீர்கள். பெல்ட்டை எவ்வளவு இறுக்கிக் கட்டினார்கள் என்பதைப் பொறுத்தும் அது மாறும். எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை வருகிறது என்பதற்குத்தான் அதைப் பார்க்க வேண்டும்.

7. லேபர் ரூமில் காதில் விழுபவை

வந்து வந்து போகும், நடந்தால் அடங்கிவிடும் பொய் வலிக்கு ப்ராக்ஸ்டன் ஹிக்ஸ் என்று பெயர். ஷோ என்றால் ரத்தம் கலந்த சளி, வலி சில மணியிலும் வரலாம், சில நாள் கழித்தும் வரலாம். ப்ராம் என்றால் வலி வருவதற்கு முன்னாலேயே பனிக்குடம் உடைவது. சினிமாவில் வருவது போலக் குடம் குடமாகக் கொட்டும் என்று நினைத்திருந்தேன். எனக்கு 38+2இல் ராத்திரி துணி லேசாக நனைந்தது, சிறுநீர்தான் அடக்க முடியவில்லை என்று திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டேன். காலையில் போனால், எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதுதான் முதல் கேள்வி, நேரம் கூடக்கூடத் தொற்று பயம். சந்தேகம் என்றால் பேட் வைத்துக்கொண்டு நேரத்தையும் நிறத்தையும் குறித்துக்கொண்டு கிளம்புங்கள். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளே மலம் கழித்திருக்கலாம், மெக்கோனியம் என்பார்கள், உடனே போக வேண்டும்.

உள்ளே பரிசோதித்துவிட்டு மூன்று விஷயம் சொல்வார்கள். டைலடேஷன், கருப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது, 10 என்றால் முழுசு. எஃபேஸ்மென்ட், எவ்வளவு மெலிந்திருக்கிறது, சதவீதத்தில். ஸ்டேஷன், தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது: மைனஸ் என்றால் இன்னும் மேலே, பூஜ்யம் என்றால் இடுப்பெலும்பின் நடுவில், ப்ளஸ் என்றால் வெளியே வரும் வழியில். 5 சென்டிமீட்டர் வரை லேட்டன்ட், அது நாள் கணக்கில்கூட இழுக்கலாம். "காலையிலிருந்து 3லயே நிக்குது" என்று சோர்ந்துவிடாதீர்கள், 5க்கு அப்புறம்தான் வேகம் பிடிக்கும்.

இண்டக்ஷன் என்றால் வலியை வரவழைப்பது. ஜெல், மாத்திரை, பலூன் என்று வழிகள் உண்டு. அதற்கு முன் பிஷப் ஸ்கோர் போடுவார்கள், 8க்கு மேல் என்றால் கருப்பை வாய் தயார், 6க்குக் கீழே என்றால் முதலில் அதைப் பழுக்க வைக்க வேண்டும். ஏ.ஆர்.எம். என்றால் பனிக்குடத்தை அவர்களே உடைப்பது. ஆக்சிடோசின் ட்ரிப் போட்டு வலியைக் கூட்டுவது ஆக்மென்டேஷன். எபிசியாடமி, பிறப்புறுப்பின் வாயை அகலப்படுத்தக் கீறுவது. அதை எல்லாருக்கும் வழக்கமாகப் போட வேண்டியதில்லை, தேவைப்பட்டால் மட்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். தானாகக் கிழிந்தால் 1 முதல் 4 வரை டிகிரி சொல்வார்கள், 3, 4 என்றால் ஆசனவாய்த் தசை வரை போயிருக்கிறது, அதற்குத் தனி கவனிப்பு தேவை.

8. சிசேரியன் கையெழுத்தும் செலவும்

எல்.எஸ்.சி.எஸ். என்பதுதான் சிசேரியன். இலெக்டிவ் என்றால் முன்கூட்டியே திட்டமிட்டது. எமர்ஜென்சி என்றால் எப்போதும் உயிருக்குப் போராட்டம் என்று அர்த்தமில்லை, திட்டமிடாமல் முடிவெடுத்த எல்லாமே அதில்தான் வரும். காரணத்தை இண்டிகேஷன் என்று எழுதுவார்கள். சி.பி.டி., தலையும் இடுப்பும் பொருந்தவில்லை. ஃபீட்டல் டிஸ்ட்ரெஸ், துடிப்பில் கோளாறு. எனக்கு 7 சென்டிமீட்டரில் நின்றுபோய் "ஃபெயிலியர் டு ப்ராக்ரஸ்" என்று எழுதினார்கள். ஃபெயிலியராம். பதினாறு மணி நேரம் வலி தாங்கியவளுக்கு இந்தப் பட்டம்.

ஸ்பைனல் ஒரே ஊசி, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும், சிசேரியனுக்குப் போடுவது. எபிடியூரல் முதுகில் மெல்லிய குழாய் வைத்து மருந்து தொடர்ந்து விடுவது, சுகப்பிரசவ வலிக்கும் உதவும். எபிடியூரல் வேண்டுமென்றால் ராத்திரியிலும் மயக்க மருந்து டாக்டர் இருப்பாரா என்று 34வது வாரத்திலேயே கேளுங்கள்.

பேக்கேஜ் என்று ஒரு தொகை சொன்னால் அதில் எது சேராது என்று எழுத்தில் வாங்குங்கள். எபிடியூரல், குழந்தை டாக்டர் கட்டணம், ரத்தம், கூடுதல் நாள் தங்கல், எல்லாவற்றுக்கும் மேல் என்.ஐ.சி.யு., அதாவது பிறந்த குழந்தைக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு. இந்தக் கடைசி ஒன்று நாள் கணக்கில் ஏறி மொத்தத் தொகையையே தாண்டிவிடக் கூடும். சுகப்பிரசவம் நடுவில் சிசேரியனாக மாறினால் எவ்வளவு என்பதையும் கேளுங்கள். காப்பீடு இருந்தால் பிரசவத்துக்குக் காத்திருப்புக் காலம் உண்டா, பிறந்த குழந்தைக்கு முதல் நாளிலிருந்தே பொருந்துமா, சேர்ந்த எத்தனை மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும், மூன்றையும் ஏழாம் மாதத்துக்குள் தெரிந்துகொள்ளுங்கள்.

9. குழந்தையின் தாள்

அப்கார் 8, 9 என்று இருக்கும். பிறந்த முதல் நிமிஷமும் ஐந்தாவது நிமிஷமும் நிறம், துடிப்பு, மூச்சு, தசை முறுக்கு, தூண்டினால் எதிர்வினை, ஒவ்வொன்றுக்கும் 2 வீதம் 10க்குப் போடும் மதிப்பெண். கை கால் கொஞ்ச நேரம் நீலமாக இருப்பதால் 10க்கு 10 அபூர்வம். 7க்கு மேல் என்றால் நிம்மதி. புத்திசாலித்தனத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, எங்கள் வீட்டில் ஒருவர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

எல்.பி.டபிள்யூ. என்றால் 2.5 கிலோவுக்குக் கீழே. முதல் சில நாளில் பிறந்த எடையில் 7 முதல் 10 சதவீதம் வரை குறையும், இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிட வேண்டும். டி.டி.என். என்றால் நுரையீரலில் மிச்சமிருக்கும் நீரால் வேகமாக மூச்சு வாங்குவது, சிசேரியன் குழந்தைகளுக்குக் கொஞ்சம் அதிகம், பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும். இரண்டாம் மூன்றாம் நாள் மஞ்சள் காமாலை வருவது சகஜம், ஆனால் முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே மஞ்சள் தெரிந்தால் அது சகஜமில்லை, அப்போதே சொல்லுங்கள். ஃபோட்டோதெரபி என்றால் நீல விளக்கு வெளிச்சத்தில் வைப்பது.

10. டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கிக்கொண்டு உடனே கிளம்பாதீர்கள்

அங்கேயே ஓர் ஓரமாக உட்கார்ந்து வரி வரியாகப் படியுங்கள். பிறந்த தேதி, மணி, எடை, ஆணா பெண்ணா, உங்கள் பெயரின் எழுத்து, இவை பிறப்புச் சான்றிதழுக்கும் போகும் விவரங்கள், பின்னால் திருத்துவது பெரிய அலைச்சல். சிசேரியன் என்றால் காரணமும், கருப்பையில் எந்த மாதிரி வெட்டு என்பதும் எழுதியிருக்க வேண்டும். அடுத்த தடவை வி.பி.ஏ.சி., அதாவது சிசேரியனுக்குப் பின் சுகப்பிரசவம் முயலலாமா என்று கேட்கும்போது டாக்டர் முதலில் தேடுவது இந்த இரண்டு வரியைத்தான். ரத்த வகை, ஆன்டி-டி போட்ட தேதி, குழந்தைக்குப் போட்ட வைட்டமின் கே, தடுப்பூசிகள், தையலுக்கு எப்போது வர வேண்டும், எல்லாம் இருக்கிறதா பாருங்கள். லோக்கியா என்று எழுதியிருப்பது பிரசவத்துக்குப் பின் வரும் உதிரப்போக்கு, நாலு முதல் ஆறு வாரம் வரை குறைந்துகொண்டே வரும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் முழுசாக நனைந்தாலோ, நாற்றம் அடித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ திரும்ப ஓடுங்கள்.

என்னுடையதில் 2.8 கிலோ என்பது 3.8 என்று அச்சாகியிருந்தது. தொட்டிலில் கட்டியிருந்த அட்டையைக் கொண்டுபோய்க் காட்டினேன். மறுபடி அச்சடித்து, கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தி வர ஒன்றரை மணி நேரம் ஆனது. அதுவரை வாசலில் வண்டி காத்துக்கொண்டிருந்தது.